சுவர் யார்டுல கிடக்குது, லோன் பேங்க்ல கிடக்குது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல ரெடிமேட் வீடு பத்தி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. ஃபேக்டரில சுவரையும் ஸ்லாபையும் வார்த்து, ட்ரெய்லர்ல கொண்டாந்து, கிரேன்ல தூக்கி மாட்டிட்டா வீடு ரெடி, வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான் கட்டறாங்க, நம்ம ஜனங்கதான் செங்கல்லை விட மாட்டேங்கறாங்க, மனசு மாறணும்னு முடிச்சிருந்தீங்க. அந்தக் கடைசி வரிதான் உறுத்துச்சுங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர். நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம் வீடு கட்டிக் குடுக்குற சின்ன கான்ட்ராக்டர். சிவில் படிச்சிட்டு 22 வருஷமா இதே பொழப்பு. இப்படி வேற இடத்துல முன்னாடியே வார்த்துக் கொண்டாந்து மாட்டற ப்ரீகாஸ்ட் முறைல ஒரு வீடு கட்டி முடிச்சேன், இன்னொண்ணு ஆரம்பிச்சு பாதில திரும்பி வந்தேன். ரெண்டுலயும் ஜனங்க மனசு குறுக்கால நிக்கலைங்க.

ஜனங்க ஏத்துக்க மாட்டாங்கன்னு சொல்றதே தப்பு. எங்க பக்கம் செப்டிக் டேங்குக்கு சிமெண்ட் உறை இறக்காத வீடு எத்தனை இருக்குது சொல்லுங்க? எங்கயோ வார்த்து வண்டில கொண்டாந்து ஒண்ணு மேல ஒண்ணா இறக்கறதுதானே. கீழடில தோண்டுனப்போ சுடுமண் உறைகிணறு வந்துச்சே, அதுவும் இதே வேலைதான். இபி போஸ்ட்டு, ரயில்வே தண்டவாளத்துக்கு அடில கிடக்குற கான்கிரீட் ஸ்லீப்பர், தோட்டத்துக்கு தூண் நட்டு பலகை சொருகுற காம்பவுண்ட் சுவர், எல்லாம் ப்ரீகாஸ்ட்தான். யாரும் அதைப் பாத்து பயப்படல. விலை சரியா இருந்துச்சு, ஊருக்குள்ள வந்து சேந்துச்சு, வாங்கிட்டாங்க. அப்ப வீட்டுக்கு மட்டும் ஏன் ஆகலன்னு கேட்டா, அங்கதான் விஷயமே இருக்குது.

மொதல்ல பாதில நின்ன கதையைச் சொல்லிடறேன். ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தர், மக பெங்களூர்ல இருக்குது, அந்தப் பொண்ணு சொல்லி இவரும் ஆசைப்பட்டு, 'தம்பி, செங்கல் வேண்டாம், அந்த பேனல் வீடே கட்டிப்போடலாம், மூணு மாசத்துல குடி போயிடலாம்'னு வந்தாரு. 1200 சதுர அடி, தரைத்தளம் மட்டும். பேனல்னா வார்த்த சுவர்தான், அதை வார்க்குற யார்டுல கொட்டேஷன் வாங்குனேன், இனி மாத்தறதில்லன்னு ப்ளான் ஃப்ரீஸ் பண்ணுனோம், பேங்குக்குப் போனோம். வீட்டு லோன் எப்படி வரும்னு உங்களுக்குத் தெரியும். பேஸ்மெண்ட் முடிச்சா ஒரு தொகை, கதவு ஜன்னலுக்கு மேல வர்ற லிண்டல் மட்டத்துக்கு வந்தா ஒண்ணு, கான்கிரீட் போட்டா ஒண்ணு, பூச்சு முடிஞ்சா மிச்சம். ஒவ்வொரு தடவையும் ஆள் வந்து சைட்டைப் பாத்து போட்டோ எடுத்துட்டுப் போவாங்க. நம்ம கதைல பேஸ்மெண்ட் முடிஞ்சதும் யார்டுக்காரர் அம்பது பர்சன்ட் அட்வான்ஸ் கேக்கறாரு, மோல்டு செட் பண்ணணும் கம்பி வாங்கணும்னு, அது நியாயம்தான். பேங்க்ல கேட்டா, சைட்ல லிண்டல் எங்கன்னு கேக்கறாங்க. சார், லிண்டல் தனியா இல்லீங்க, சுவரோட சேந்து வார்த்தது, முப்பது மைல் தள்ளி யார்டுல நிக்குது, வாங்க காட்டறேன்னேன். எங்களுக்கு அடமானம் இந்த மனை, அது மேல இருக்கறதுக்குத்தான் பணம், அடுத்தவன் இடத்துல கிடக்குற சுவருக்கு எப்படித் தர்றதுன்னு கேட்டாரு மேனேஜர். அவர் கேட்டதும் தப்பில்ல பாருங்க. யார்டு நாளைக்கு மூடிட்டா அந்தச் சுவரு யாருது?

இதுல வீட்டுக்கு மதிப்பு போடற வேல்யூயேட்டர் வேற ஃபார்ம்ல நிரப்பறதுக்கு, 'இது ஷெட்டா வீடா?'ன்னு கேட்டாரு. ப்ரீஃபேப், அதாவது ஃபேக்டரில செஞ்சதுன்னாலே அவருக்கு சைட் ஆபீஸ் தகரப் பெட்டி ஞாபகம்தான் வருது. தகரப் பெட்டிக்கு போடற ஆயுசை ஆறு இஞ்ச் கான்கிரீட் சுவருக்கும் போட்டா லோன் எங்கிருந்து வரும். வாத்தியார் தன் பிஎஃப் பணத்தை எடுத்து அட்வான்ஸ் கட்டறேன்னாரு, நாந்தான் வேண்டாம்னு தடுத்தேன். கடைசில செங்கல்லுலயே கட்டுனோம், பதினோரு மாசம் ஆச்சு. ப்ரீகாஸ்ட்ல காம்பவுண்ட் சுவர் மட்டும் போட்டோம், ஒரே நாள்ல முடிஞ்சது, இப்பவும் அதைக் காட்டி 'இது மட்டும்தான் சொன்ன நாளைக்கு முடிச்சே'ன்னு கிண்டல் பண்ணுவாரு.

அடுத்தது வரி. இதை யாரும் எழுத மாட்டேங்கறாங்க. ப்ரீகாஸ்ட் பேனலுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. நீங்க சொல்லலாம், சிமெண்டுக்கு 28 இருந்துச்சே, இப்ப 2025 செப்டம்பர் 22-ல இருந்துதானே அதுவும் 18 ஆச்சு, கம்பிக்கும் 18 இருக்குதே, என்ன வித்தியாசம்னு. வித்தியாசம் கூலிலங்க. சைட்ல கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சென்ட்ரிங்காரருக்கும் வாரச் சம்பளம் கையில குடுக்கறோம், அதுக்கு வரி கிடையாது. அதே கூலியை ஃபேக்டரிக்குள்ள குடுத்தா, கூலி, கரண்ட்டு, மோல்டு தேய்மானம், லாபம் எல்லாத்தையும் சேத்து பில் போட்டு அதுமேல 18 வந்துருது. பத்து லட்சத்துக்கு பேனல் வாங்குனா 1,80,000 வரி. வீடு கட்டறவர் சொந்தக் காசுல கட்டறாரு, அவரால அதை எங்கயும் கழிக்க முடியாது. பில்டர் கழிச்சுக்குவாருன்னா அதுவும் இல்ல, 2019 ஏப்ரல்ல இருந்து ஃப்ளாட்டுக்கு 5 சதவீதம், மலிவு விலை வீட்டுக்கு 1 சதவீதம், ஆனா சாமான் வாங்கறப்ப கட்டுன வரியைக் கழிச்சுக்க முடியாதுன்னு ஆக்கிட்டாங்க. ஆக, வெயில்ல நின்னு சாரம் கட்டி செய்யற அதே வேலையை கூரைக்கு அடில மெஷின் வச்சு ஒழுங்கா செஞ்சா அதுக்கு அபராதம் மாதிரி ஒரு வரி. ஒரு பக்கம் புது டெக்னாலஜி வரணும்னு மாநாடு போடறாங்க, இன்னொரு பக்கம் இது.

ரோட்டைப் பத்தி கொஞ்சம். 10 அடிக்கு 10 அடி, 6 இஞ்ச் கனத்துல ஒரு சுவர் எடுத்துக்கங்க. அம்பது கன அடி கான்கிரீட், எடை மூணரை டன். எங்க ஊர்ல இருக்கற ஹைட்ராங்கற சின்ன கிரேனே அதைத் தூக்கும், ஆனா பக்கத்துல வச்சுத்தான் தூக்கும். மனையோட பின்பக்கச் சுவர் வரைக்கும் கை நீட்டணும்னா பெரிய கிரேன் வேணும், அது நாள் வாடகைக்கு வரும், வேலை நடந்தாலும் நடக்காட்டியும் மீட்டர் ஓடும். சட்டப்படி லாரி அகலம் 2.6 மீட்டர், பத்தடி பேனலை படுக்க வச்சா வெளிய நீட்டும், நிறுத்தி வச்சா மேல ஒயரு. நம்ம தெருவுல இபி ஒயர், கேபிள் டிவி ஒயர், அதுமேல கோயில் திருவிழாக்கு கட்டுன சீரியல் லைட்டு வேற. லைனை ஆஃப் பண்ணித் தரச்சொல்லி லெட்டர் குடுத்துட்டு மூணு நாள் நின்னிருக்கேன். ரூமையே பெட்டியா வார்த்துக் கொண்டு வர்ற முறையெல்லாம் பன்னண்டு அடி சந்துக்குள்ள நினைச்சுக்கூட பாக்க முடியாது.

இப்ப நான் கட்டி முடிச்ச வீட்டுக்கு வர்றேன். இதுல தப்பு என்னோடது, மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. கீழ மேல ரெண்டு தளம், ஓனர் திருப்பூர்ல பனியன் யூனிட் வச்சிருக்கறவர், லோன் கிடையாது, சொந்தப் பணம், ரோடு முப்பதடி, அதனாலதான் நடந்துச்சு. நிலை வைக்கிற பூஜை எப்படிப் பண்றதுன்னு வீட்டம்மா கேட்டாங்க. வாசல் பேனலை நிறுத்தி முட்டு குடுத்த அப்புறம் நல்ல நேரம் பாத்து நிலையை உள்ள வச்சு, மஞ்சத்துணில நவதானியம் கட்டி, தேங்காய் உடைச்சோம், பெரியவங்க யாரும் ஒரு வார்த்தை சொல்லல. பதினெட்டு நாள்ல ரெண்டு தளமும் நின்னுடுச்சு. ஊரே வந்து வேடிக்கை பாத்துச்சு. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துடுச்சுன்னு வச்சுக்கங்க.

ஐப்பசில மழை பிடிச்சுது. மேற்குப் பக்கம் ரெண்டு பேனல் சேர்ற இடத்துல, உள்பக்கம் நூல் பிடிச்ச மாதிரி ஈரம் இறங்குது. என்ன ஆச்சுன்னா, பேனலுக்கு நடுவுல கம்பி லூப் விட்டு அதுக்குள்ள கிரவுட்டுங்கற சுருங்காத சிமெண்ட் குழம்பு ஊத்தணும், ஊத்தறதுக்கு முன்னாடி அந்த இடுக்கைச் சுத்தமா கழுவணும், வெளிப்பக்கம் ஃபோம் கயிறு வச்சு ரப்பர் மாதிரி இழுபடற சீலண்ட் அடிக்கணும். யார்டு ஆளுங்க கிரேனோட போயிட்டாங்க, அவங்க பொறுப்பு நிறுத்தறதோட சரி. ஜாயிண்ட்டை நான் என் கொத்தனாரை விட்டு அடைச்சேன். அவர் முப்பது வருஷ அனுபவஸ்தர், பூச்சு பூசுனா கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனா அவர் கை இடுக்கைப் பாத்தா சிமெண்ட்டு கலவைதான் தேடும். அடைச்சாரு, வெயிலுக்கு பேனல் விரிஞ்சு சுருங்கறப்ப கலவை வெடிச்சுது. வெடிச்சதை மறுபடி கலவை வச்சே பூசுனாரு. மூணாவது தடவைதான் எனக்கு புத்தி வந்து கோயமுத்தூர்ல இருந்து ஆள் கூட்டியாந்து, எல்லாத்தையும் நோண்டி எடுத்து முறையா அடைச்சேன், கைக்காசு எழுபதாயிரம் போச்சு. அதுக்கப்புறம் ஒரு சொட்டு இல்ல. ஆனா ஊருக்குள்ள நின்ன பேச்சு என்ன? 'பேனல் வீடு ஒழுகும்'. பதினெட்டு நாள்ல நின்னது யாருக்கும் ஞாபகம் இல்ல.

ஜாயிண்ட்டுதாங்க உயிர். லண்டன்ல ரோனன் பாயிண்ட்னு 22 மாடி பேனல் கட்டடம், 1968 மே 16 காலைல, 18-வது மாடில ஒரு அம்மா டீ போட அடுப்பு பத்த வச்சப்ப கேஸ் வெடிச்சு சுவர் வெளிய தள்ளிக்கிச்சு, மேல இருந்த மூலை எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி கீழ வரைக்கும் இறங்கிருச்சு, நாலு பேர் போயிட்டாங்க. குடி வந்து ரெண்டே மாசம். பேனல் பலமாத்தான் இருந்துச்சு, ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கல. அதுக்கு நேர் எதிரா, 1988 டிசம்பர்ல ஆர்மீனியால பூகம்பம் வந்தப்ப தூணும் பீமுமா ப்ரீகாஸ்ட்ல மாட்டுன ஒம்பது மாடிக் கட்டடங்க வரிசையா விழுந்துச்சு, அதே ஊர்ல பெரிய பேனல் சுவர் வச்சுக் கட்டுனது நின்னுச்சு. ஆக ப்ரீகாஸ்ட் நல்லதா கெட்டதான்னு மொத்தமா கேக்கறதுல அர்த்தமே இல்ல, எப்படி இணைச்சேங்கறதுதான் கேள்வி. நம்ம நாட்டுல இதுக்கு விதிமுறை இல்லாம இல்ல, ஐ.எஸ் 15916-னு 2010-லயே வந்துருச்சு. இன்ஜினியரிங் காலேஜ்ல ப்ரீஃபேப்னு ஒரு எலெக்டிவ் இருக்குது, அளவுக்கு அடிப்படையான மாட்யூல்னா 100 மில்லிமீட்டர்னு எழுதி மார்க் வாங்குனவங்க நிறைய பேரு. ஆனா கிரேன் கொக்கில தொங்குற பேனலை கையக் காட்டி, பேனலைப் பிடிச்சுக்க நீட்டி விட்ட டவல் கம்பில உக்கார வைக்கிறதுக்கு, கிரவுட்டு ஊத்தறதுக்கு, சீலண்ட் அடிக்கறதுக்கு எங்க பக்கத்துல ஆள் தேடுனா கிடைக்க மாட்டேங்குது. ஐடிஐல ஃபிட்டர் இருக்குது, வெல்டர் இருக்குது. இது?

கொத்தனாருக பொழப்பு போயிடுமேன்னு சிலர் சொல்றாங்க. என் மேஸ்திரியும் கேட்டாரு, 'ஏனுங், எல்லாம் ஃபேக்டரிலயே வந்துட்டா நாங்க எங்க போறதுங்?'ன்னு. ஆனா அவர் மகன் பனியன் கம்பெனில டெய்லர், இந்த வேலைக்கு வரவே மாட்டேன்னுட்டான், இப்ப எங்க சைட்ல பாதிப் பேரு பீகார், ஒடிசாக்காரங்கதான். எனக்கு கவலை சித்தாளு அக்காங்களைப் பத்திதான். கலவை தூக்கறதும் செங்கல் எடுத்துக் குடுக்கறதும் நின்னுட்டா கிரேன் டீம்ல அவங்களுக்கு ஒரு வேலையும் யாரும் வைக்கிறதில்ல. இதைப் பத்தி யாரும் பேசி நான் கேட்டதில்ல.

அரசாங்கம் பண்ணவே இல்லைன்னும் சொல்ல முடியாது. சென்னை பெரும்பாக்கத்துல லைட் ஹவுஸ் ப்ராஜெக்ட்டுங்கற அரசுத் திட்டத்துல 1,152 வீடு, தூணு, பீமு, ஸ்லாபுன்னு ப்ரீகாஸ்ட்ல வார்த்து ஏத்துனாங்க. 2021 ஜனவரி 1-ல அடிக்கல், 2022 மே 26-ல திறப்பு, நடுவுல கொரோனா ரெண்டாவது அலையும் வந்துட்டுப் போச்சு. பதினேழு மாசத்துக்குள்ள ஆயிரத்துச் சொச்சம் வீடுன்னா லேசு இல்ல. நான் நேர்ல போய் பாத்துட்டு வந்தேன். ஆனா பாத்துட்டு வந்து என்ன பண்ண, அது 12 ப்ளாக், ஒரே ப்ளான், ஒரே ஓனர். மோல்டு ஒண்ணு செஞ்சா நூத்துக்கணக்குல வார்க்கலாம். எனக்கு வர்ற மனை ஒண்ணு 30-க்கு 40, அடுத்தது ஒன்றரை சென்ட்டு முக்கோணம், அதுல வாஸ்துப்படி அக்னி மூலைல கிச்சன், பாதி வேலைல 'ஜன்னலை ரெண்டடி இந்தப்பக்கம் தள்ளிக்கலாமா'ன்னு ஒரு போன். செங்கல்லுல தள்ளிக்கலாம். வார்த்து வந்த சுவர்ல எலக்ட்ரீஷியன் ஒரு காடி எடுக்கறதுக்கே யோசிக்கணும்.

சிங்கப்பூரை நீங்க உதாரணம் காட்டியிருந்தீங்க. அங்க போய் வேலை பாத்துட்டு வந்த பசங்களைக் கேட்டா சொல்லுவாங்க, அங்க வீடு கட்டறது பெரும்பாலும் ஒரே அரசு வீட்டு வாரியம், ஹெச்.டி.பி., பாத்ரூமைக்கூட டைல்ஸ் ஒட்டி முழுசா கொண்டாந்து இறக்குவாங்க. 2014-ல இருந்து சில அரசு நிலத்தை வித்தாலே ரூமை பெட்டியா செஞ்சு கொண்டாந்துதான் கட்டணும்னு கண்டிஷன் போட்டுட்டாங்க. வெளிநாட்டு ஆள் ஒவ்வொருத்தருக்கும் மாசாமாசம் அரசாங்கத்துக்கு லெவின்னு ஒரு கட்டணம் கட்டணும், அதனால சைட்ல ஆள் குறைஞ்சா கம்பெனிக்கு லாபம். வார்க்கறது நிறைய பக்கத்துல மலேசியாவோட ஜோகூர்ல, இடமும் கூலியும் அங்க மலிவு. அவங்க மனசு மாறி வரல, கணக்கு அப்படி உக்காந்துச்சு. நமக்கு கணக்கு நேர் எதிரா உக்காந்திருக்குது.

கணக்கு உக்காரலைன்னா எவ்வளவு பெரிய பணமும் தாங்காது. டெல்லி ஜங்புராவுல பிரிவினை அகதிகளுக்கு வீடு செய்யன்னு சுதந்திரம் வந்த கையோட அரசாங்கமே ஒரு வீட்டு ஃபேக்டரி போட்டுச்சு, வார்த்த பேனல் வெடிச்சுது, பார்லிமெண்ட் வரைக்கும் நாறுச்சு, கடைசில வேற கான்கிரீட் சாமான் செஞ்சுதான் அது பொழச்சுது. நம்ம கிருஷ்ணகிரில ஒரு பெரிய ஃபேக்டரி வந்துச்சு, பெங்களூர் இந்திரா கேன்டீன் எல்லாம் அங்க வார்த்ததுதான். 2018-ல அது அமெரிக்காவோட கட்டேராங்கற கட்டுமானக் கம்பெனியோட சேந்துச்சு, ஜப்பான் முதலீட்டு கம்பெனி சாஃப்ட்பேங்க் கொட்டுன பணம் அவ்வளவு இருந்தும் 2021 ஜூன்ல அந்த கட்டேரா திவால் நோட்டீஸ் குடுத்துருச்சு. காரணம் ஆயிரம் சொல்வாங்க. எனக்குப் பட்டது ஒண்ணுதான், கொத்தனாருக்கு வேலை இல்லாத மாசம் சம்பளம் கிடையாது, ஃபேக்டரிக்கு வேலை இல்லாத மாசமும் வட்டி உண்டு. தை மாசத்துல எல்லாரும் பூமி பூஜை போட்டு ஆடில எவனும் ஆரம்பிக்காத ஊர்ல ஃபேக்டரி எப்படி ஓடும்?

அதனால சீரா வேலை குடுக்கற ஆள் வேணும், அது அரசாங்கம்தான். கலைஞர் கனவு இல்லத்துல 360 சதுர அடி, 3,50,000 ரூபாய்னு ஒரே அளவு வீடு லட்சக்கணக்குல கட்டறாங்களே, அதைப் பண்ணலாமேன்னு நானும் நினைச்சேன். ஆனா அது ஊருக்கு அஞ்சு, காட்டுக்கு ரெண்டுன்னு செதறிக் கிடக்குது, பயனாளியே ஆள் வச்சு கட்டிக்கிறாங்க, கிரேன் போற வாடகைல ஒரு சுவரே கட்டிரலாம். அங்கன்வாடி, ரேஷன் கடை, பள்ளிக்கூட வகுப்பறை, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு ரூம், இதெல்லாம் மாவட்டம் பூராம் ஒரே அளவுல, ரோட்டோரத்துல வருது. இதுக்கு மாவட்டத்துக்கு ஒரு யார்டுன்னு மூணு வருஷத்துக்கு ஆர்டர் நிச்சயம் பண்ணுனா மோல்டு செலவு தன்னால இறங்கும், மிச்ச நேரத்துல என்னை மாதிரி ஆளும் அங்கயே நாலு பேனல் வார்த்துக்குவேன். அதுக்கு டெண்டர் எழுதற முறையும் மாறணும். இப்ப இருக்கற அரசு விலைப்பட்டியல்ல (ரேட் ஷெட்யூல்) செங்கல் கட்டு இத்தனை கன மீட்டர், பூச்சு இத்தனை சதுர மீட்டர்னு ஐட்டம் ஐட்டமா இருக்குது. பூச்சே இல்லாத சுவருக்கு, வேலையை அளந்து எழுதற எம்-புக்ல என்னன்னு எழுதுவாரு அந்த அரசு இன்ஜினியர்? நாளைக்கு ஆடிட்ல கேட்டா பதில் அவர்தானே சொல்லணும், அதனால பழையபடியே எழுதிடறாரு. ரிட்டயர் ஆகப்போற மனுசனை நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

பேங்க் விஷயத்துலயும் வழி இல்லாம இல்ல. லாரிய, மெஷினைப் பாத்து லோன் குடுக்கறாங்க. அதே மாதிரி யார்டுல ஒவ்வொரு பேனலுக்கும் நம்பர் போட்டு, ஓனர் பேருக்கு எழுதி, இன்ஷூரன்ஸ் எடுத்து, பேங்க் ஆள் அங்க வந்து பாத்து, லிண்டல் ஸ்டேஜுக்கு பதிலா வார்ப்பு ஸ்டேஜ்னு ஒண்ணு சேக்கலாம். ஒரு சர்க்குலர் போதும். வரிக்கு ஜி.எஸ்.டி. கவுன்சில்தான் முடிவு பண்ணணும். சிமெண்ட்டை 28-ல இருந்து இறக்குனவங்களுக்கு இதைப் பத்தி யோசிக்கறது ஒண்ணும் மலையைப் புரட்டற வேலை இல்ல.

அடுத்த தடவை ரெடிமேட் வீட்டைப் பத்தி எழுதறப்போ, உங்க நிருபரை கம்பெனிக்காரங்க காட்டுற ஷோ ஹவுஸுக்கு மட்டும் அனுப்பாம, ஒரு பேங்க் கிளைக்கும் ஒரு யார்டுக்கும் அனுப்புங்க. எங்க ஊருக்கு வந்தாலும் சந்தோஷம்தான். ஒழுகுன அந்த வீட்டு ஓனர் இன்னும் எங்கிட்ட பேசறாரு, மாடில இன்னொரு ரூம் போடணும்ங்கறாரு. செங்கல்லா பேனலான்னு கேட்டேன். 'பேனல்தான், ஆனா ஜாயிண்ட்டு அடைக்கறப்ப நான் ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவேன்'ன்னுட்டாரு. யார்டுக்கு போன் பண்ணுனா, ஒரு ரூமுக்கெல்லாம் மோல்டு கட்டாதுங்கன்னு சொல்றாங்க. இன்னும் நாலு பேரு சேந்தா பாக்கலாமாம், தேடிக்கிட்டு இருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு சின்ன கான்ட்ராக்டர்,
கோபிச்செட்டிபாளையம்.